ஜிம்மில் சேருகிறவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே ரிங் ஏறுகிறார்கள்?

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கமுங்க. வயசு 31, பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. கிக்பாக்ஸிங் சேர்ந்து பதினாலு மாசம் ஆகிறது. வாரத்துக்கு நாலு நாள் பொழுதோட ஏழரைக்குப் போனால் ஒன்பதுக்கு வெளியே வருவேன். ஷிப்மெண்ட் வாரமென்றால் இரண்டு நாளோடு சரி.

போன வெள்ளிக்கிழமை மாஸ்டர் நான் குத்துவதற்கு பேட் பிடித்துக்கொண்டே, "அடுத்த மாவட்டப் போட்டிக்குப் பேர் கொடுத்துடலாமா தம்பி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து அதே நினைப்புதான். எங்கள் பேட்சில் நாற்பது பேர் இருக்கிறார்கள். அதில் போட்டிக்குப் போனது இரண்டே பேர், இரண்டு பேருமே கல்லூரிப் பையன்கள். மற்றவர்களில் சிலர் உடம்பைக் குறைக்க வந்தவர்கள், சிலர் வேலை டென்ஷனை இறக்கிவைக்க வருகிறவர்கள்.

எல்லா ஊரிலும் இப்படித்தானா? சண்டைப் பயிற்சி எடுத்தும் ஒருநாளும் சண்டைக்குப் போகாமல் இருப்பது ஒரு குறையா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


சரவணம்பட்டி_ஷிஃப்ட் (கோவை)

மூணு வருஷமாக பாக்ஸிங் போகிறேன். இன்றுவரை ரிங் ஏறியதில்லை, ஏறும் எண்ணமும் இல்லை. ஐடி வேலை, இரண்டு குழந்தைகள். திங்கள்கிழமை காலை க்ளையண்ட் மீட்டிங்கில் மூக்கில் ரத்தத்தோடு உட்கார முடியாது. எங்கள் ஜிம்மிலும் பத்துக்கு ஒன்றுகூட வராது.

ஆனால் இது நம் ஊர் பழக்கம் மட்டுமில்லை. நியூயார்க் புரூக்ளினில் இருக்கும் க்ளீசன்ஸ் ஜிம் பெரிய பெரிய சாம்பியன்கள் பயிற்சி எடுத்த இடம். அங்கேயே 1980களில் வக்கீல், பேங்க்காரர் என்று ஆபீஸ் வேலை பார்க்கிறவர்கள் உள்ளே வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்குள்ளேயே சண்டை வைக்கும் வழக்கமும் அங்கேதான் வேர் பிடித்தது. முழுநேர வீரனோடு மோதுவது, வீட்டில் உட்கார்ந்திருப்பது என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு படியை அவர்கள் போட்டார்கள். நமக்கு அந்தப் படி இன்னும் சரியாக அமையவில்லை என்பது என் எண்ணம்.


பேட்_பிடிப்பவன் (ஈரோடு)

இந்தக் கேள்வியை என்னிடம் மாசத்துக்கு ஒருத்தராவது கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பதினோரு வருஷமாக பாக்ஸிங்கும் கிக்பாக்ஸிங்கும் சொல்லித் தருகிறேன்.

முதலில், யாரைச் சேர்த்து எண்ணுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். அட்மிஷன் நோட்டை எடுத்து எதிரே வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். போன வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்கள் 112 பேர். மூணு மாசம் கழித்தும் பணம் கட்டியவர்கள் 38. ஆறு மாசம் தாண்டி, ஹெட் கார்டு போட்டு ஸ்பாரிங்கில், அதாவது ஜிம்முக்குள்ளேயே எதிரெதிரே ஆடும் பயிற்சிச் சண்டையில், நின்றவர்கள் 17. அந்த 17 பேரில் போட்டிக்குப் போனவர்கள் 5. 112க்கு 5 என்றால் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. 17க்கு 5 என்றால் ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு. ஒரே நோட்டு, ஒரே வருஷம், அதே ஐந்து பேர்தான். இது என் ஒரு ஜிம்மின் கணக்கு, இதை ஊர்க்கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் யாராவது "எங்க ஜிம்மில் பாதிப் பேர் ஃபைட்டர்" என்று சொன்னால், எந்தப் பாதி என்று ஒருக்கா கேட்டுப் பாருங்கள்.

ஜனவரியில் சேருகிற கூட்டம் மார்ச்சில் பாதியாகும். பரீட்சை வந்தால் மாணவர்கள் நிற்பார்கள். எங்கள் ஊரில் சந்தை வேலைக்காரர்களுக்குத் திங்கள் ராத்திரியும் செவ்வாயும் கிடையவே கிடையாது, ஜவுளிச் சந்தை அவர்களை விடாது. திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் அருமையான இடது கொக்கி அடிப்பான். ரிக் வண்டியோடு வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போனான், எட்டு மாசம் ஆள் இல்லை. அவனையெல்லாம் "பயந்து விட்டுவிட்டான்" என்ற கணக்கில் நான் எழுத மாட்டேன்.

இரண்டாவது விஷயத்தை ஜிம் நடத்துகிறவர்கள் வெளியே பேசுவதில்லை. போட்டிக்குப் போகும் பசங்களிடம் நான் ஃபீஸ் வாங்குவதில்லை. பெரும்பாலும் பவர்லூம் வீட்டுப் பிள்ளைகள், தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள். மாநிலப் போட்டிக்கு வண்டி வாடகை, இரண்டு நாள் சாப்பாடு, மெடிக்கல் சர்டிபிகேட், எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். அது காலை ஆறு மணி பேட்சில் வரும் ஆடிட்டரும் மஞ்சள் மண்டிக்காரரும் டீச்சரம்மாவும் கட்டும் மாசப் பணத்திலிருந்துதான் வருகிறது. அவர்கள் ஒருநாளும் ரிங் ஏறப் போவதில்லை. அவர்கள் வரவில்லையென்றால் ரிங்கே இல்லை. இதை நான் மனசாரச் சொல்கிறேன்.

மூணாவதாக, நொய்யல்கரை தம்பிக்கு. பாக்ஸிங்கில் சீனியர் பிரிவு 19 வயதிலிருந்து 40 வரை, அதனால் 31 ஒன்றும் தாமதமில்லை. ஆனால் உங்களுக்கு எதிரே வருவது 20 வயசுப் பையன், பத்து வயசிலிருந்து பயிற்சி எடுத்தவனாக இருக்கலாம். நம் மாவட்டப் போட்டிகளில் புதியவர்களுக்கென்று தனிப் பிரிவு வைப்பது அபூர்வம். எடை ஒன்றாக இருந்தால் ஜோடி போட்டுவிடுவார்கள். நிறையப் பேர் ஏறாமல் இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். தைரியக் குறைவைக் கடைசியில்தான் சேர்ப்பேன்.


இடதுகைக்காரி (நாமக்கல்)

பேட்_பிடிப்பவன் அண்ணா சொன்னதற்குக் கீழே ஒன்று சேர்க்கிறேன். நான் கல்லூரியில் மூணு வருஷம் பாக்ஸிங் ஆடினேன்.

போட்டி என்றால் நாக்அவுட் ட்ரா, ஒரு தடவை தோற்றால் வெளியே. ஒரு எடைப் பிரிவில் 16 பேர் வந்தால், முதல் நாள் பொழுது சாய்வதற்குள் 8 பேர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். வருஷம் முழுக்க ஓடி, கயிறு தாண்டி, மூணு ரவுண்டு ஆடி, அவ்வளவுதான். அடுத்த போட்டிக்கு மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாதிப் பேருக்கு அனுபவமே ஒரு சண்டைதான். ஒரே ஒரு சண்டையில் தோற்றுவிட்டு "எனக்கு இது வராது" என்று நின்றுபோன தோழிகள் எனக்கு நாலு பேர் உண்டு. அவர்களில் இரண்டு பேர் என்னைவிட நன்றாக ஆடுவார்கள்.

பெண்கள் பிரிவில் இன்னொரு கூத்தும் உண்டு. பாக்ஸிங்கில் அரையிறுதியில் தோற்ற இரண்டு பேருக்குமே வெண்கலம். அப்படியென்றால் ஒரு எடையில் நாலு பேர் மட்டும் வந்தால் நாலு பேருக்கும் பதக்கம். நான் வாங்கிய முதல் வெண்கலம் அப்படித்தான் வந்தது. ட்ராவில் பேர் விழுந்ததுமே பதக்கம் உறுதி, ரிங்கில் ஏறித் தோற்றேன், கழுத்தில் ரிப்பன் போட்டார்கள். அந்த ஃபோட்டோவை ஜிம் வாசலில் ஃப்ளெக்ஸாக வைத்தார்கள். அதைப் பார்த்து யாராவது சேர்ந்திருந்தால் அவர்களிடம் நேரில் விளக்கியிருப்பேன். ஜிம் எத்தனை பதக்கம் என்று சொல்வதைவிட, எத்தனை பேருக்கு எத்தனை சண்டை கிடைத்தது என்று கேட்பது நல்லது.

எடை போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், சேருகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இரண்டாவது வருஷம், காலை ஏழு மணி, ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. பெஞ்சை ஓரமாகத் தள்ளி, ஜன்னலில் பெட்ஷீட் கட்டி, நடுவில் டிஜிட்டல் தராசு. முந்தின நாள் மதியத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. ஏறினேன், 300 கிராம் கூட. எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா, "போய் ஓடிட்டு வா கண்ணு, இன்னும் அரை மணி நேரம் இருக்கு" என்றார். பிளாஸ்டிக் கோட்டு மாட்டி மைதானத்தில் ஓடினேன். ஓடி முடித்து ஒரு பாட்டிலில் எச்சில் துப்பிக்கொண்டே இருந்தேன், நாக்கு மரக்கட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. எடை சரியாக வந்தது. அன்று மதியம் ரிங்கில் இரண்டாவது ரவுண்டில் காலே எழவில்லை. நான் தோற்றது எதிராளியிடம் இல்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் மல்யுத்தத்தில் 50 கிலோ இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டு 100 கிராம் கூடியதால் தகுதி இழந்தது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் 1997 கடைசியில் சில வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் எடை குறைக்கும்போதே இறந்துபோனார்கள். அதற்கப்புறம்தான் அங்கே விதிகளை மாற்றினார்கள். முதல் போட்டிக்குப் போகிறவர்கள் எடையே குறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எந்த எடையில் நடமாடுகிறீர்களோ அந்த எடையில் ஆடுங்கள்.


கம்பும்_காலடியும் (கோபி)

எங்கள் சிலம்பத்தில் கணக்கு அப்படியே தலைகீழ். சாயந்திரம் கோயில் திடலுக்கு வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் சேர்ந்த வருஷமே ஏதாவது ஒரு போட்டியில் ஆடிவிடுவார்கள்.

காரணம் எளிது. கம்பு வீச்சில் எதிராளி இல்லை, அடி விழாது. ஏழு வயசுக் குழந்தையையும் களத்தில் இறக்கலாம். எதிரெதிராக நின்று கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறைக்கு வரும்போது எண்ணிக்கை சட்டென்று குறையும். அங்கே பார்த்தால் நம் பாக்ஸிங் நண்பர்கள் சொல்லும் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆக "போட்டிக்குப் போனார்கள்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு காரியங்கள் இருக்கின்றன. கராத்தேயிலும் இதேதான், தனியாக அசைவுகளைச் செய்துகாட்டும் கட்டாவுக்கு நிற்கும் வரிசை வேறு, எதிராளியோடு மோதும் குமிதேவுக்கு நிற்கும் வரிசை வேறு.

அப்புறம் சர்டிபிகேட். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பத்தைச் செயல்விளக்கப் போட்டியாக வைத்தார்கள். முதலமைச்சர் கோப்பையிலும் இருக்கிறது. பெற்றோர் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். நான் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், மானாவாரிக் காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு அரசு வேலை பெரிய காரியம்.

என் வருத்தமெல்லாம் வேறு. பத்தாம் வகுப்பு வந்ததும் கம்பைப் பரண் மேல் போட்டுவிடுகிறார்கள். பதக்கம் வாங்கியவனும் அதே, வாங்காதவனும் அதே. எங்கள் ஐயனுக்குக் கம்பு கற்றுக்கொடுத்த பெரியவர் எழுபது வயசிலும் மாரியம்மன் நோம்பிக்குச் சலங்கை கட்டி வீசுவார். அவர் ஒரு போட்டிக்கும் போனதில்லை. என்னிடம் வந்து போன பிள்ளைகளில் இருபது வயசிலும் கம்பெடுக்கிறவர் எத்தனை பேர் என்று கேட்டால், ஒரு கை விரல் போதும். எனக்கு உறுத்துகிற எண்ணிக்கை அதுதான்.


பழைய_க்ளவுஸ் (சேலம்)

எல்லோரும் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். போட்டிக்கே ஆள் அனுப்பாத ஜிம்மில் பயிற்சி மெதுமெதுவாகப் பொய்யாகிவிடும். எதிராளி என்று ஒருத்தன் இல்லாததால், பேட் சத்தம் நன்றாகக் கேட்டால் போதும் என்று ஆகிவிடும். கையை இறக்கினால் யாரும் அடிப்பதில்லை, அதனால் கை இறங்கியே இருக்கும். மியூசிக் போட்டு பேக் அடித்து வேர்த்து வீட்டுக்குப் போவது நல்லதுதான், ஆனால் அதற்கு பாக்ஸிங் என்று பேர் வைக்கக் கூடாது.

தெரியாத ஊர், தெரியாத ஆள், வெளிச்சம், சத்தம். அங்கே நின்று பார்த்தவனுக்குத்தான் தன் ஜாப், அந்த முன்கைக் குத்து, எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். நான் 1990களில் ஆடியவன். எங்கள் காலத்தில் சேர்ந்தால் ஆட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும்.


பேட்_பிடிப்பவன் (ஈரோடு)

அண்ணா சொல்வதில் முதல் பாதியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். போட்டிக்குப் போகிற ஐந்து பேர் இருப்பதால்தான் என் மற்ற பேட்சும் நேராக நிற்கிறது. அவர்கள் ஸ்பாரிங் செய்வதைப் பார்த்துத்தான் ஆடிட்டர் சாரும் கையைக் கன்னத்தில் வைக்கிறார்.

இரண்டாவது பாதியில் எனக்குச் சம்மதம் இல்லை. "ஆடு, இல்லையென்றால் கிளம்பு" என்றிருந்த காலத்தில் ஜிம்கள் ஏன் ஒவ்வொன்றாக மூடின? கிளம்பியவர்கள்தான் அதிகம், வாடகை கட்ட ஆளில்லை. தன் உடம்புக்குத் தக்க அளவில், உண்மையான ஸ்பாரிங், அடியை அளந்து போடுகிற ஸ்பாரிங் செய்கிற முப்பத்தெட்டு வயசுக்காரரை நான் பாக்ஸர் இல்லையென்று சொல்லவே மாட்டேன்.


கரூர்_ஃபிசியோ

குறுக்கே ஒரு சின்ன விஷயம். அளந்து போடுகிற ஸ்பாரிங் என்று அண்ணா எழுதியதற்கு நன்றி. என்னிடம் தலைவலி, தலைசுற்றல் என்று வருகிறவர்களில் பலருக்கு அடி பட்டது போட்டியில் இல்லை, சனிக்கிழமை ஸ்பாரிங்கில். போட்டியில் ரெஃப்ரி இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், பாக்ஸிங்கில் தலையில் அடி வாங்கி நாக்அவுட்டானால் குறைந்தது 30 நாள் ஓய்வு என்று விதி இருக்கிறது, மயக்கம் போட்டால் இன்னும் அதிகம். ஜிம்மில் அடி வாங்கியவர் திங்கள்கிழமையே திரும்பி வருகிறார், யாரும் கேட்பதில்லை. நான் போட்டிக்குப் போவதில்லை, அதனால் பத்திரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தலையில் பலமாக அடி பட்டால் வேலைக்கு லீவு சொல்வதுபோல் ஜிம்முக்கும் லீவு சொல்லி, டாக்டரைப் பாருங்கள்.


மெத்தை_வெள்ளைபெல்ட் (கோவை)

ஜூஜிட்சு பக்கத்திலிருந்து. குத்து, உதை இல்லாமல் பிடித்து மடக்கும் கலை இது. எங்கள் ஜிம் சின்னது, மொத்தமே முப்பது பேர்தான் இருப்போம், அதில் பத்துப் பேராவது ஒரு தடவை போட்டியில் ஆடியவர்கள். பாக்ஸிங் நண்பர்களைவிட எங்களுக்குத் தைரியம் கூட என்று அர்த்தமில்லை. பேட்_பிடிப்பவன் அண்ணா சொன்ன அந்தப் புதியவர் பிரிவு எங்கள் விதியிலேயே இருக்கிறது. வெள்ளை பெல்ட் வெள்ளை பெல்ட்டோடு மட்டும்தான் ஆடுவான். 30 வயசு தாண்டியவர்களுக்கு மாஸ்டர் பிரிவு தனியாக உண்டு. தாங்கவில்லையென்றால் இரண்டு தட்டு தட்டினால் முடிந்தது, மறுநாள் வேலைக்குப் போகலாம்.

நான் முதலில் ஆடியது 36 வயசில். பஸ் பிடித்துப் போய், நாலு நிமிஷத்தில் கழுத்துப் பிடியில் மாட்டித் தட்டிவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். என்னைத் தோற்கடித்தவருக்கு வயசு 38, ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். இன்றைக்கும் ஃபோனில் பேசிக்கொள்கிறோம். எதிரே வந்தது எனக்கு ஒரு படி மேலான 20 வயசு ப்ளூ பெல்ட்டாக இருந்திருந்தால் நான் இரண்டாவது தடவை போயிருக்கவே மாட்டேன்.


பொள்ளாச்சி_அம்மா

என் மகனுக்கு 13 வயசு. கிக்பாக்ஸிங் போகிறான். போட்டிக்கு அனுப்பு என்று மாஸ்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், இவனும் சரி என்கிறான், ஆனால் முந்தின நாள் ராத்திரி வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறான். இரண்டு தடவை இப்படி ஆகிவிட்டது. கட்டாயப்படுத்தலாமா?


இடதுகைக்காரி (நாமக்கல்)

அக்கா, கட்டாயப்படுத்த வேண்டாம். அவனை ஒரு போட்டிக்குப் பார்க்க மட்டும் கூட்டிப் போங்கள். காலை எடை போடுவதிலிருந்து கடைசிச் சண்டை வரைக்கும் முழு நாளும் இருக்கட்டும், கார்னரில் தண்ணீர் பாட்டில் பிடிக்கட்டும். எனக்கும் அந்த வயிற்றுவலி உண்டு, கடைசிப் போட்டி வரைக்கும் இருந்தது. என் கோச் அதைப் பற்றித் திட்டாமல், "எனக்கும் இருக்கு" என்று சொன்ன அன்றுதான் கொஞ்சம் குறைந்தது. அவனே "நானும் ஆடறேன்" என்று சொல்லும்வரை பொறுங்கள். சொல்லாமலே போனாலும் போச்சாதுங்க அக்கா, பயிற்சிக்கு ஆசையாகத்தானே போகிறான்.


நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. மூணு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். நேற்று வீட்டில் மனைவியிடம் பேசினேன். "சண்டைக்குப் போறது உனக்கு வேணுமா, இல்ல மாஸ்டர் கேட்டுட்டாரேன்னா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் எனக்கு வேண்டும். ஒரே ஒரு தடவையாவது தெரியாத ஒரு ஆள் எதிரில் நிற்க வேண்டும். ஆனால் அது பத்து வருஷம் ஆடிய இருபது வயசுப் பையனாக இருக்க வேண்டாம்.

மாஸ்டரிடமும் இதையே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, "உனக்கு ஏத்த ஆள் கிடைச்சா சொல்லு, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். பேட்_பிடிப்பவன் அண்ணா, வழி இருக்கிறதுங்களா?


பேட்_பிடிப்பவன் (ஈரோடு)

இருக்கிறது தம்பி. கிக்பாக்ஸிங்கில் ரிங்கில் ஆடும் ஃபுல் கான்டாக்ட், லோ கிக், கே-1 தவிர, மெத்தை விரிப்பில் ஆடும் பாயிண்ட் ஃபைட், லைட் கான்டாக்ட், கிக் லைட் என்றும் பிரிவுகள் உண்டு. அதில் அடியைக் கட்டுப்படுத்தித்தான் போட வேண்டும், ஓங்கி அடித்தால் எச்சரிக்கை. மாவட்டப் போட்டிக்குப் பேர் கொடுப்பதானால் கிக் லைட்டில் கொடுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று செய்வோம். நானும் பவானிப் பக்கம் ஜிம் வைத்திருக்கும் நண்பரும் இரண்டு மாசத்துக்கு ஒருக்கா ஞாயிற்றுக்கிழமை காலை பசங்களைச் சேர்த்து ஆட விடுகிறோம். பதக்கம் இல்லை, சர்டிபிகேட் இல்லை, வெற்றி தோல்வி சொல்வதில்லை. எடை, வயசு, எத்தனை மாசப் பயிற்சி, மூணும் பார்த்து ஜோடி போடுவோம். இரண்டு நிமிஷம், மூணு ரவுண்டு, 16 அவுன்ஸ் க்ளவுஸ், ஷின் கார்டு, ஹெட் கார்டு கட்டாயம். இந்தத் தடவை பெருந்துறையில் வைத்துக்கொண்டால் உங்களுக்கும் கிட்ட. சரவணம்பட்டி நண்பரும் விருப்பமிருந்தால் வரலாம், ஆடாவிட்டாலும் டைம் பார்க்க ஆள் வேண்டும். பொள்ளாச்சி அம்மா தம்பியைக் கூட்டி வாருங்கள், தண்ணீர் பாட்டில் பிடிக்கட்டும். சேலத்து அண்ணா, ரெஃப்ரியாக நீங்கள் நின்றால் எங்களுக்குப் பெருமை.

தம்பி, எடை எத்தனை?


நொய்யல்கரை (திருப்பூர்)

இன்று காலை 72.4 அண்ணா. குறைக்க மாட்டேன்.


பழைய_க்ளவுஸ் (சேலம்)

வருகிறேன். தேதி சொல்லுங்கள். அந்தத் தம்பி கையை இறக்கினால் நடுவில் நிறுத்திச் சொல்லுவேன், அதற்கு இப்போதே அனுமதி வேண்டும்.


பேட்_பிடிப்பவன் (ஈரோடு)

தாராளமாக நிறுத்துங்கள் அண்ணா. 72.4க்கு என்னிடம் ஒருத்தர் இருக்கிறார், 71 கிலோ, வயசு 33, பஸ் பாடி பெயிண்டர், பதினாறு மாசப் பயிற்சி, இதுவரை எங்கேயும் ஆடியதில்லை. அவரிடம் கேட்டேன், ராத்திரி யோசித்துச் சொல்கிறேன் என்றார். காலையில் ஷட்டரைத் திறக்கும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார்.